காசு கிடந்த மண்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்ட அன்பர்கள், பொருளை எம் விருப்பத்திற்கே விட்டனர். வரலாறு என்றதும் கோயிலும் கோட்டையும் கல்வெட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. யாமோ உள்ளங்கையில் அடங்கும் சிறு காசினைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகிறோம்.

எம் இல்லத்தில் பழைய பொற்காசு ஒன்று இருக்கிறது. எம் பாட்டியார் அதனை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். காசின் ஒரு புறம் யானை. மறுபுறம் சுருண்டு செல்லும் பூங்கொடி. எழுத்து ஒன்றேனும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் காசியல் பயின்ற பெரியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்டினோம். அதன் விலை என்ன என்று யாம் வினவுமுன், "இது எங்கே கிடைத்தது?" என்று அவர் எம்மை வினவினார். "எங்கள் பழைய நிலத்தில் கிடைத்ததென்று பாட்டி சொல்வார்கள்" என்றோம். "அந்தப் பழைய நிலம் எந்த ஊரில்?" என்றார். விடை கூற எம்மால் இயலவில்லை. பாட்டியார் பிறந்தது பாலாற்றுக்கு அப்பால் மேட்டூர்ப் பக்கத்தில். வாழ்ந்தது இங்கே ஹனூர்ப் பக்கத்தில். பழைய நிலம் எனப்பட்டது எந்தப் பக்கத்து நிலம் என்பதை அவர் உயிரோடிருந்த நாளில் எவரும் கேட்டு வைக்கவில்லை. பெரியவர் காசைத் திருப்பிக் கொடுத்து, "உங்களிடம் இருப்பது பாதிதான். மறுபாதி இது கிடந்த மண்" என்றார்.

அச்சொல் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. காசுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு யாது என ஆராயப் புகுந்தபோது, எங்கோ மேலைநாட்டில் வாழ்ந்த பரங்கியர் கதையும் நம் காவிரிக்கரைக் கதையும் ஓரிடத்தில் வந்து கூடக் கண்டோம்.

பரங்கியர் யார்?

பரங்கி என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். பரங்கிப்பேட்டை, பரங்கிமலை என ஊர்ப் பெயர்கள் உண்டு. நாம் பரங்கிக்காய் என்பது ஒரு காயை. நம் கன்னட அயலார் பரங்கி ஹண்ணு என்பது பப்பாளிப் பழத்தை. இவையெல்லாம் கடல் கடந்து வந்தவை என்னும் பொருளில் அப்பெயர் பெற்றன. இச்சொல்லின் வேர் பிராங்கியர் என்னும் இனத்தார் பெயராகும். உரோமைப் பேரரசு மேற்கே தளர்ந்தபின், இன்றைய பிரான்சும் அதனை அடுத்த செருமானிய நாடும் இவ்வினத்தார் ஆட்சிக்கு உட்பட்டன. சிலுவைப் போர்க் காலத்தில் அராபியர் மேலைநாட்டார் அனைவரையுமே அப்பெயரால் சுட்டினர். அவர் வாய்வழியே அது நம் நாட்டுக்கும் வந்தது.

இப்பிராங்கியர் முதலில் தமக்கெனத் தனிக்காசு வகுக்கவில்லை. பைசாந்தியப் பேரரசரின் பொற்காசைப் பார்த்து, பேரரசர் பெயரோடும் உருவோடும் அவ்வாறே அடித்துக்கொண்டனர். கி.பி. 534 முதல் 548 வரை ஆண்ட தியூதபெர்ட் என்னும் பிராங்கிய மன்னன்தான் பேரரசர் பெயரை நீக்கித் தன் பெயரைப் பொற்காசிற் பொறித்தான். ஒரு சிற்றரசன் பொன்னிலே தன் பெயரைப் பொறிப்பதா என்று அக்காலத்துப் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியசு மனம் பொறாது எழுதியுள்ளார்.

அடுத்த நூற்றாண்டில் வியத்தகு மாறுதல் ஒன்று நேர்ந்தது. காசுகளில் மன்னன் பெயர் அரிதாகி, காசடித்த ஊரின் பெயரும் அடித்த கம்மியன் பெயரும் இடம்பெறலாயின. பேரூர்களேயன்றிச் சிற்றூர்களும் காசடித்தன. இவ்வாறு பெயர் பொறித்த ஊர்கள் பல நூறு. சில ஊர்கள் இன்று எங்குள்ளன என்பதே தெரியாது. ஒரு சிறு பொற்காசில் மட்டும் அவற்றின் பெயர் எஞ்சியுள்ளது. இக்காரணத்தாலேயே பிராங்கியர் காசைத் தேடித் தொகுப்போர் ஒவ்வோர் ஊரின் காசையும் அரும்பொருளாகப் போற்றுகின்றனர்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன் அருகியது. வெள்ளிக் காசு அதன் இடத்தைப் பெற்றது. சார்லமேன் என்னும் பேரரசன் 793, 794 ஆகிய ஆண்டுகளை ஒட்டி அவ்வெள்ளிக் காசின் எடையைக் கூட்டி ஒழுங்கு செய்தான். ஒரு காசு ஏறத்தாழ 1.7 கிராம். 240 காசு ஒரு பவுண்டு என்னும் கணக்கு அவன் காலத்தில் உறுதிப்பட்டது. பன்னிரண்டு பென்சு ஒரு சில்லிங்கு, இருபது சில்லிங்கு ஒரு பவுண்டு என்று ஆங்கிலேயர் 1971 வரை எண்ணிவந்தது அக்கணக்கின் வழியேயாகும். நாம் பதினாறு அணா ஒரு ரூபாய் என்னும் கணக்கை 1957 ஏப்ரல் முதல் நாளில் கைவிட்டதை எண்ணிப் பார்த்தால், காசுக் கணக்கு மன்னராட்சியினும் நீண்டு வாழும் என்பது விளங்கும்.

ஒரு பையும் ஒரு திருட்டும்

பிராங்கியர் காசுகளின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நம் சிந்தனைக்கு உரியவை.

1939-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சட்டன் கூ என்னுமிடத்தில் ஒரு பழைய மேடு அகழப்பட்டது. உள்ளே ஒரு பெருங்கப்பலின் வடிவம். அதனுள் ஒரு தலைவனுக்குரிய அணிகலன்கள். அவற்றிடையே ஒரு பணப்பையில் 37 பிராங்கியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றன் ஊரைச் சேர்ந்ததன்று. முப்பத்தேழும் வெவ்வேறு அச்சுச்சாலைகளிலிருந்து வந்தவை. யாரோ ஊருக்கு ஒன்றாகத் தேர்ந்து சேர்த்த தொகை போலும் அது! அம்மேடு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்ததென அறிஞர் காலம் கணிக்க அக்காசுகள் பெருந்துணையாயின. அவை ஒன்றுகூடி, கிடந்த இடத்திலேயே, கிடந்தவாறே கிடைத்தமையால் அன்றோ இது கூடிற்று? நில உரிமையாளராகிய ஈடித் பிரெட்டி அம்மையார், முறைமன்றம் புதையல் தமக்கே உரியதெனத் தீர்ப்பளித்தும், அனைத்தையும் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு ஈந்தார்.

மற்றையது துன்பக் கதை. பிராங்கிய மன்னன் சில்டெரிக்கின் கல்லறை 1653-இல் பெல்சிய நாட்டுத் தூர்நே நகரில் வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகளும், பொன்னாற் செய்த முந்நூறு தேனீ உருவங்களும் அங்கே கிடைத்தன. அவை பின்னர்ப் பாரிசு நகர நூலகத்தைச் சேர்ந்தன. 1831-இல் கள்வர் அந்நூலகத்துப் பொன்னைக் கவர்ந்து பெரும்பகுதியை உருக்கிவிட்டனர். தேனீக்களில் இரண்டே எஞ்சின. ஆயினும் 1655-இலேயே சிப்லே என்னும் மருத்துவர் அக்கல்லறைப் பொருள்களைப் படம் வரைந்து நூலாக்கியிருந்தமையால், இழந்தவற்றின் உருவையேனும் உலகம் இன்று அறிகிறது.

உலைக்களம் பரங்கியர் நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு.

நம் நாட்டுக் காசுகள்

அயல்நாட்டுக் காசைப் பார்த்துத் தன் காசை அடித்தல் பிராங்கியர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. கரூரில் அமராவதி ஆற்று மணலில் மாக்கோதை என்னும் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் உள்ள தலையுருவம் உரோமைக் காசுகளின் சாயலை உடையது. எழுத்தோ தமிழ்ப் பிராமி. தியூதபெர்ட்டுக்குப் பல நூற்றாண்டு முன்னரே சேரன் ஒருவன் உரோமை முறையை ஏற்றுத் தன் பெயரைப் பொறித்துவிட்டான்!

பிராங்கியர் கண்டு அடித்த அதே பைசாந்தியப் பொற்காசுகள் தமிழகத்திலும் கருநாடகத்திலும் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலிகளும் உண்டு. அவற்றுட் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே இரண்டு சிறு துளைகள் காணப்படும். கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர் என்பதற்கு அதுவே சான்று. நம் பெண்டிர் அணியும் காசுமாலையின் பழமை இதனால் விளங்கும். கடலுக்கப்பால் அது பொருள் வாங்கும் காசு. இக்கரையில் அது மங்கல அணி.

காசின் தரம் ஆராய்வோனைப் பண்டைத் தமிழர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்று அப்பெயர் பூண்டோர் உளர். பிராங்கிய நாட்டிலே காசடிப்போன் தன் பெயரைக் காசிற் பொறித்தான். தமிழ்நாட்டிலே காசு நோக்குவோன் தன் தொழிற்பெயரோடு பாட்டிலே நிலைபெற்றான். பின்வந்த சோழர் கல்வெட்டுகளில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்னும் நிறைக் கணக்கைக் காண்கிறோம். கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னையும் நிறுத்து, தீயில் இட்டு மாற்றறிந்து பெற்ற செய்தியைக் கல்லில் வெட்டினர்.

நாம் வாழும் இம்மண்

இனி நம் ஊரைச் சூழ்ந்த நிலத்துக்கு வருவோம். ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாகக் காவிரிக்கரைக்குச் சென்றால், மணல் மூடிய தலகாடு நம் கண்ணுக்குப் புலப்படும். மேலைக் கங்கர் பல நூற்றாண்டு ஆண்ட தலைநகர் அது. யானையும் பூங்கொடியும் கொண்ட பொற்காசுகளைக் கங்கரோடு தொடர்புபடுத்திப் பேசுவோர் பலர். கொங்கு நாட்டுக்கு உரியவை என்பாரும் உளர். காலத்தைப் பற்றியும் கருத்து ஒன்றாக இல்லை. பிராங்கியர் காசைப் போல் அதிலே ஊர்ப்பெயர் இருந்திருப்பின் வழக்குத் தீர்ந்திருக்கும். எழுத்தில்லாத காசுக்கு அது கிடைத்த இடமே சான்று. பல காசுகள் எங்கெங்கே கிடைத்தன என்று குறித்து வைத்திருந்தால், எந்நாட்டில் அவை மிகுதியும் வழங்கின என்பது தானே வெளிப்படும். எம் பாட்டியார் காசும் அக்கணக்கில் ஒரு புள்ளியாக நின்றிருக்கும்.

1004-ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் காலத்தில் கங்கர் ஆட்சி முடிவுற்றது. தலகாடு இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் உடைய இராசராசன் காசுகளில் அவன் பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். தமிழ் மன்னன் காசில் தமிழெழுத்து இல்லையே என்று நம் சிறுவர் வினவுதல் உண்டு. காசு பல மொழி பேசும் நாடுகளில் செல்ல வேண்டியது என்பதே யாம் அவர்க்குக் கூறும் விடை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1116-ஆம் ஆண்டை ஒட்டி, போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலகாட்டைக் கைப்பற்றினான். அவ்வெற்றியைப் பொற்காசிலேயே எழுதினான். ஒரு புறம் அரிமா. மறுபுறம் கன்னட எழுத்தில் 'ஸ்ரீ தலகாடுகொண்ட' என்னும் தொடர். இதனைப் படிக்கும் தமிழர்க்குப் பொருள் சொல்லவேண்டுவதில்லை. மதுரை கொண்ட கோப்பரகேசரி என்றும், கங்கை கொண்ட சோழன் என்றும் நம் மன்னர் பூண்ட பட்டங்களில் உள்ள அதே 'கொண்ட' என்னும் சொல் இங்கும் நிற்கிறது. பகைவர் இருவர், ஆனால் வெற்றியைச் சொன்ன சொல் ஒன்றே.

பதினேழாம் நூற்றாண்டில், 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராச உடையார், நரசிம்மர் உருவம் பொறித்த சிறு பொற்பணம் வெளியிட்டார். அரைக் கிராமுக்கும் குறைந்த எடை, பருப்பளவே இருக்கும். நாம் பணம் என்பதைக் கன்னடர் ஹண என்பர். நம் பால் அவர்க்கு ஹாலு ஆவது போலவே.

ஆள்வோர் மாற மாறக் காசு மாறியது. உழுவோர் இம்மண்ணிலேயே இருந்தனர். ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா, கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1956 நவம்பர் முதல் நாளில் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்ததை நம் மூத்தோர் நேரிற் கண்டனர். பின்னர் 1997-இல் சாமராசநகர் மாவட்டம் உருவாயிற்று. குடிபெயர்ந்து வந்தோர் சிலர். இருந்த இடத்திலேயே இருக்க எல்லை பெயர்ந்து சென்றதால் வேற்று மாநிலத்தார் ஆனோர் சிலர். நம் காலனியில் இருவகையினரும் உள்ளனர். நாம் இம்மண்ணுக்குப் புதியவரா பழையவரா என்னும் வினா நம் பிள்ளைகள் உள்ளத்தில் எழுவது இயற்கை. வாய்ச்சொல்லால் அதற்கு விடை கூறின் வழக்கே வளரும். வயலில் கிடைக்கும் காசு அமைதியாக விடை கூறும்: சோழன் காசும் போசளன் காசும் உடையார் பணமும் இதே மண்ணிற் கிடந்தவை, எந்த ஒரு மொழியும் இம்மண் எனக்கு மட்டுமே உரியதென்று அவற்றைக் காட்டிச் சொல்ல இயலாது.

இழந்தவையும் காத்தவையும்

ஆனால் அச்சான்றை நாம் காத்தோமா? கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 522 உரோமை வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெங்களூரில் எசுவந்தபுரத்தில் 1891-இல் இருப்புப்பாதை வேலையின்போது 163 காசுகள் கிடைத்தன. எண்ணிக்கை குறிக்கப்பட்டமையால் இவை வரலாறாயின. 1847-இல் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் கிடைத்த உரோமைப் பொற்காசுகளோ நூற்றுக்கணக்கானவை. பல கைமாறிச் சிதறின.

சோழர் காசுகளில் மிகப் பழையதெனக் கருதப்படும் உத்தம சோழன் பொற்காசின் நிலையும் இரங்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் வால்டர் எலியட்டு தென்னாட்டுக் காசுகளைத் தொகுத்தவர். முதுமையிற் கண்ணொளி குன்றிய நிலையிலும் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலை முடித்தவர். அவரது தொகுப்பில் அக்காசு இருந்தது. இன்று காசு எங்கே என்பது தெரியவில்லை. அவர் நூலிலுள்ள படமே எஞ்சியுள்ளது. சில்டெரிக்கின் தேனீக்களைக் காத்தது போலவே, உத்தம சோழன் பெயரைக் காத்ததும் ஓர் எழுதுகோலே.

நம் காலத்திலும் நற்சான்று உண்டு. தினமலர் ஆசிரியராக விளங்கி 2021-இல் மறைந்த இரா. கிருட்டினமூர்த்தி அவர்கள், பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை அறிந்து உலகுக்கு வெளியிட்டார். சங்க காலத் தமிழரிடம் சொந்தக் காசு இருந்ததில்லை என்று ஐயுற்றோர் வாயை அச்சிறு சதுரச் செம்பு அடைத்தது. அவர் காசுகளைச் சேர்த்துப் பெட்டியிற் பூட்டவில்லை. படமெடுத்து, எடை குறித்து, படித்து, 1997-இல் நூலாக்கினார். சேர்ப்பவன் வேறு, சேமிப்பவன் வேறு என்பதை அவர் தொண்டு காட்டுகிறது.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு யாம் வேண்டுவன சில. அரிசிப் பானையிலோ பூசை அறையிலோ பழங்காசு இருப்பின், அது யாரிடமிருந்து வந்தது, எவ்வூரில் கிடைத்தது என்பதை வீட்டு மூத்தோரை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். தேதியும் இடுங்கள். காசின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்தால் உருவம் பதியும். சிறுவர் இதனை விளையாட்டாகவே செய்வர். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். தேய்ந்த எழுத்து மீளாது. துளையிட வேண்டா. உருக்க வேண்டவே வேண்டா.

புதிதாக மண்ணில் புதையல் கிடைப்பின் மறைத்தல் முறையன்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டமே பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அரசுக்கு அறிவிக்கப் பணித்தது. அரசு அதனை எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கையும் சேர்த்துத் தருமாறு வகுத்தது. கருநாடகத்திற்கு 1962-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் உண்டு. மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்துக் காசுகளைப் பிரிக்காமல் ஒருங்கே ஒப்படைத்தலே நன்று. முப்பத்தேழு காசும் ஒரே பையில் இருந்தமையால் அன்றோ சட்டன் கூ பேசிற்று? 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பழம்பொருளை நாட்டைக் கடத்திச் செல்வதையும் தடுக்கிறது.

எம் பாட்டியார் காசை யாம் மீண்டும் மஞ்சள் துணியிலேயே முடிந்து வைத்துள்ளோம். இப்போது அதனோடு ஒரு தாளும் இருக்கிறது. எடை, அளவு, கரிக்கோற் பதிவு ஆகியவற்றை அதில் எழுதினோம். 'கிடைத்த இடம்' என்று எழுதி, அதன் எதிரே வெறுமையாக விட்டுள்ளோம். பாட்டியார் காலத்தவர் எவரேனும் இதனைப் படித்து, அந்தப் பழைய நிலம் இன்னதென்று சொல்லக் கூடுமாயின், அவ்வெற்றிடம் நிரம்பும் என்னும் ஆசையே இக்கட்டுரை எழுதியதன் உள்நோக்கம் என்பதை மறைக்கவில்லை.

தமிழில் நாணயம் என்பது காசுக்கும் பெயர், நேர்மைக்கும் பெயர். முன்னோர் விட்டுச்சென்ற காசினை அதன் ஊரும் பேரும் கெடாமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்போம். அதுவே நம் நாணயம்.

வாழ்க சங்கம்! வளர்க நம் ஒற்றுமை!